பூச்சாடியைத் தலைகீழாகப் பிடியுங்கள்

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டியதும் அதன் விலை ஏறிவிடுகிறது. மதிப்பும் சேர்ந்தே ஏறிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல.

மேற்கு ஜேர்மனியின் பூச்சாடிகளையே எடுத்துக்கொள்வோம். 1950களிலிருந்து 1970கள் வரை ஷொய்ரிஹ், பே, கார்ஸ்டன்ஸ், ருஷா முதலிய தொழிற்சாலைகள் இவற்றைப் பெருந்தொகையாக வார்த்துத் தள்ளின. செம்மஞ்சள், கறுப்பு, கபிலம் என்று எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தது போன்ற தடித்த, சொரசொரப்பான மெருகு அவற்றின் அடையாளம். காலம் மாறியது, ரசனையும் மாறியது. வீட்டுக்கு அழகு சேர்த்தவை பழைய சாமான் சந்தைக்கு வந்தன.

2006 இல் பிரித்தானியரான மார்க் ஹில் இவை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பான 'ஃபற் லாவா', அதாவது கொழுத்த எரிமலைக் குழம்பு, சேகரிப்பாளர்களிடையே நிலைத்துவிட்டது. விலையும் ஏறத் தொடங்கியது. சாடிகள் மாறவில்லை. நம் கண்தான் மாறியது.

அச்சில் வார்த்த தொழிற்சாலைப் பொருளில் கலை ஏது என்று கேட்போர் உளர். வடிவம் அச்சினுடையது என்பது உண்மையே. ஆனால் மெருகு அச்சுக்குக் கட்டுப்படுவதில்லை. குழிவிழும் மெருகை உண்டாக்கும் வழிகளுள் ஒன்று, கலவையில் சிலிக்கன் காபைட்டைச் சேர்ப்பது. சூளையின் வெப்பத்தில் வாயு கிளம்பும். உருகிய பூச்சு கொப்புளித்து உடையும். ஆறும்போது அந்தக் காயங்கள் அப்படியே உறையும். ஒரே அச்சிலிருந்து வந்த இரு சாடிகளும் இதனால் ஒன்றுபோல் இரா. 1959 இல் ருஷாவுக்காக 'வுல்கானோ' என்ற மெருகை உருவாக்கிய ஒட்டோ கெர்ஹார்ட்ஸின் பெயரையாவது இன்று அறிவோம். தூரிகை பிடித்த, சூளை காத்த பெரும்பாலானோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

அடியில் இருப்பது பெரும்பாலும் எண்தான். ஷொய்ரிஹ் சாடியில் '517-30' என்றிருந்தால், 517 வடிவத்தின் எண். 30 சென்ரிமீற்றரில் உயரம். கூடவே 'மேற்கு ஜேர்மனி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

இச்சுருக்கத்தின் பொருளை எனக்கு உணர்த்தியவர், 1985 இல் அகதியாக அங்கு சென்ற என் நண்பர். வந்த புதிதில், தெருவோரம் கழித்துவிடப்பட்ட தளபாடங்களுக்கிடையே கிடந்த ஒரு சாடியை அறைக்கு எடுத்துவந்தாராம். அண்மையில் அதன் சந்தை விலையை இணையத்தில் பார்த்த மகள், "அப்பா, இதை விற்போமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சாடியைக் கவிழ்த்துக் காட்டினாராம். "எனக்கு இடந்தந்த நாட்டின் பெயர் இது, பிள்ளை. 1990 ஒக்டோபரோடு அந்தப் பெயரும் போய்விட்டது. இந்த வீட்டில் அது எழுதியிருப்பது இதில் மட்டுந்தான்."

சாடி இன்னமும் அவர் வீட்டு யன்னலோரம் இருக்கிறது.

சேகரிப்பதை நான் குறை கூறவில்லை. குப்பைக்குப் போகவிருந்த எத்தனையோ சாடிகளைக் காத்தவர்கள் சேகரிப்பாளர்களே. ஆனால் வாங்குமுன் விலைச்சீட்டை மட்டும் பாராதீர்கள். சாடியைத் தலைகீழாகப் பிடியுங்கள், எண்ணைப் படியுங்கள், மெருகின் மேல் விரலை ஓட்டுங்கள். பிடித்திருந்தால், அப்போது விலையைக் கேளுங்கள்.