நான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டால் அறிவாகுமா?



பஸ் நிலையத்திலும், டீக்கடையிலும், வயல் வரப்பிலுங்கூட இன்று வாலிபர்கள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கோடீசுவரர்களாகிக் கொண்டிருக்கிறார்கள். மெய்யாக அல்ல, விளையாட்டில்தான். கேள்வி ஒன்று வருகிறது. அதன்கீழ் நான்கு விடைகள் வருகின்றன. ஒன்றை விரலால் தொட்டால் சரியா, தப்பா என்று உடனே தெரிந்துவிடுகிறது. சரியாகத் தொட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வெறுங்கோடி கிடைக்கிறது.

இவ்விளையாட்டுக்கு மூலம் இங்கிலாந்து தேசத்து டெலிவிஷன் போட்டியொன்றாகும். 1998-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி அங்கு ஆரம்பமான அப்போட்டி, 2000-த்தில் ‘கௌன் பனேகா குரோர்பதி’ என்று இந்தியில் வந்தது. 2012-ல் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று தமிழிலும் வந்தது. பிறகு செல்போனுக்குள்ளும் புகுந்துகொண்டது.

இதை ஆடுவதில் நமக்கு ஆட்சேபணை உண்டா என்றால், கிடையாது. சீட்டாடிச் சொத்தை அழிப்பதைவிட, உலக விஷயம் நாலு தெரிந்துகொள்ளும் ஆட்டம் எவ்வளவோ மேல். இவ்விளையாட்டு ஆடுகிறவனுடைய குலம் கோத்திரத்தைக் கேட்பதுமில்லை. 2011-ல் பீகார்க்காரரான சுசீல்குமார் என்பவர், மாதம் சுமார் 6,000 ரூபாய் சம்பளத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வந்தவர், இந்திப் போட்டியில் 5 கோடி ரூபாய் ஜெயித்தார். அவரை ஜெயிக்க வைத்தது அவர் தெரிந்து வைத்திருந்த விஷயமேயல்லாமல் வேறென்ன?

ஆனால் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? “எல்லாம் அவன் தலையெழுத்து” என்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேள்விகள் 15; ஒவ்வொன்றுக்கும் விடைகள் 4. ஒன்றும் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு 15-க்கும் சரியாகச் சொல்ல வேண்டுமானால், 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அப்படியிருக்க, படித்தவன் படித்த படிப்புக்குக் கிடைத்த பலனைத் தலையெழுத்தின் கணக்கில் எழுதுவது அவன் உழைப்பைத் திருடுவதல்லவா என்று கேட்கிறோம்.

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இவ்விளையாட்டு ‘எது?’ என்று கேட்கிறது; ‘யார்?’ என்று கேட்கிறது, ‘எந்த வருஷம்?’ என்று கேட்கிறது. ‘ஏன்?’ என்றும், ‘அது உனக்கு எப்படித் தெரியும்?’ என்றும் கேட்பதில்லை. ஆகையால் நூறு நாள் ஆடியவனுக்கும் ஆயிரம் விடைகள் மனப்பாடமாகலாமே தவிர, ஒரு விஷயத்தையாவது தானே ஆராயும் பழக்கம் வந்துவிடாது. மனப்பாடம் வேறு, அறிவு வேறு. மனப்பாடம்தான் அறிவென்றால் கிளிப்பிள்ளையையும் பண்டிதரென்றே அழைக்கலாம்.

விடை தெரியாதவனுக்கு இப்போட்டியில் சில உதவிகள் உண்டு. அவற்றிலொன்று கூடியிருக்கும் சபையாரின் வாக்கைக் கேட்பது. பெரும்பாலும் இது சரியாகவே வரும். ஆயினும் பிரெஞ்சு தேசத்தில் நடந்த இதே போட்டியில், “பூமியைச் சுற்றி வருவது எது?” என்று ஒருவரைக் கேட்டார்கள். அவர் திகைத்துப்போய்ச் சபையாரைக் கேட்டார். சபையாரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் “சூரியன்” என்றார்கள்! அவரும் அதையே சொல்லித் தோற்றார். சரியான விடை சந்திரன். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்னிக்கஸ் புத்தகம் வெளியிட்டது 1543-ல். அதையே சொன்னதற்காகக் கலிலியோவை மத விசாரணை மன்றம் தண்டித்தது 1633-ல். அதற்குப் பின் இத்தனை நூற்றாண்டுகள் கழிந்தும், பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஒரு தேசத்தின் சபையிலே இப்படி வாக்கு விழுந்ததென்றால், “நாலு பேர் சொல்கிறார்கள், ஆகவே சரி” என்பதற்கு என்ன மதிப்பிருக்கிறது? கையை எண்ணினால் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பது தெரியும். நம்புவது உண்மையா என்பது தெரியாது.

‘ஏன்?’ என்று கேளாத பழக்கத்தால் பணநஷ்டமும் உண்டு. இந்திப் போட்டியின் பெயரைச் சொல்லி, “உங்களுக்கு 25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது, முதலில் இன்ன தொகை கட்டுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சேதி அனுப்பி ஏமாற்றும் கூட்டமொன்று பல வருஷங்களாக இருந்து வருகிறது. போலீசார் எச்சரித்தும் ஏமாறுகிறவர்கள் குறைந்தபாடில்லை. நாம் வாங்காத சீட்டுக்கு லாட்டரி எப்படி விழும்? பரிசு கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்பானேன்? இவ்விரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்தவனிடம் எந்த மோசக்காரனுடைய பருப்பும் வேகாது. இக்கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை; துணிவு இருந்தால் போதும்.

ஆகவே, வாலிபத் தோழர்களே, தாராளமாக ஆடுங்கள். ஆனால் நாணயம் வாங்கவென்று செல்போன் கேட்கிற இடத்தில் மெய்ப்பணத்தைக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு விடையும் சரியென்று வந்தவுடன் அடுத்த கேள்விக்கு ஓடாமல், “இது ஏன் சரி?” என்று ஒரு நிமிஷம் நின்று விசாரியுங்கள். தெரியாவிட்டால் புத்தகசாலைக்குப் போங்கள், தெரிந்தவரைக் கேளுங்கள், அவர் சொன்னதையும் சோதித்துப் பாருங்கள். வாழ்க்கையில் நமக்கு முன் நான்கு விடைகளை நீட்டுகிறவர்கள் அநேகர் வருவார்கள். அந்நான்குமே தப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவதற்கு எந்தச் செல்போனும் கற்றுத்தராது. நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.