சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறது!

பக்கத்து வீட்டில் மூட்டைப் பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள். நமக்கு அது எப்போது தெரிகிறது? குழந்தை இருமத் தொடங்கிய பிறகு. கண் எரிந்த பிறகு. அதற்குள் மருந்து அடித்த ஆள் பம்பைக் கழுவிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். என்ன மருந்து? எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? ஜன்னலைச் சாத்துவதா, திறப்பதா? கேட்க ஆளில்லை. வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டால், "என் வீடு, நான் அடிக்கிறேன்" என்கிறார்.

வீடு அவருடையது. மறுக்கவில்லை. காற்று யாருடையது?

மில் தொழிலாளி குடியிருக்கும் லைன் வீட்டைப் பாருங்கள். பத்துக் குடித்தனத்துக்கு ஒரே ஓட்டுக் கூரை. நடுச்சுவர் கூரை வரை எழும்பியிராது. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்மல் வருகிறது. தாளிப்பு தாண்டுகிற சுவரை விஷம் தாண்டாதா? இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிற தொழிலாளியை எழுப்பி, "ஐயா, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்" என்று சொல்ல ஒரு நாதி உண்டா?

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்களுக்குச் சிலவற்றை நினைவூட்டுகிறோம். 2022 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு வாடகை வீடு. குடியிருந்தவர்கள் வெளியூர் போயிருந்த சமயத்தில் சொந்தக்காரர் பூச்சி மருந்து அடிக்க ஏற்பாடு செய்தார். திரும்பி வந்து அதே வீட்டில் படுத்தார்கள். எட்டு வயதுச் சிறுமி செத்தாள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலித் தொல்லைக்காகக் கம்பெனி ஆட்கள் வந்து விஷம் வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பத்தார் ஏ.சி. போட்டுத் தூங்கினார்கள். ஆறு வயதுப் பெண்ணும் ஒரு வயதுப் பையனும் மாண்டார்கள். 2025 அக்டோபரில் மறுபடியும் பெங்களூர். விடுதி அறையில் மூட்டைப் பூச்சிக்கு அடித்த மருந்து, ஆந்திராவிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் இளைஞரைக் கொன்றது. மருந்து அடித்ததை அவரிடம் சொல்லவே இல்லை என்பதுதான் புகார். ஒவ்வொரு முறையும் போலீஸ் வந்தது, வழக்குப் பதிவாயிற்று. போன உயிர் வந்ததா?

வயலில் வேலை செய்கிறவர்களுக்கு விஷம் புதிதல்ல. டப்பாவின் மேலுள்ள முக்கோணத்தை அவர்கள் அறிவார்கள். சிவப்பு என்றால் மிகக் கொடியது. அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. எழுத்துத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஒதுங்கலாம். நகரத்தில் நம் வாசலுக்கு வருவதோ நிறமும் பெயரும் இல்லாத பிளாஸ்டிக் கேன்! அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரும் "மருந்து". கொல்வதற்கென்றே செய்த சரக்கை மருந்து என்று சொல்லிச் சொல்லியே பயம் விட்டுப்போயிற்று.

நெல் மூட்டைக்கும் எலி வளைக்கும் வைக்கிறார்களே, அந்த அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரம் பட்டதும் ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். அதற்கு நிறம் கிடையாது. காற்றைவிடச் சற்றுக் கனம். விரிசல், குழாய்ச் சந்து, கதவிடுக்கு, எல்லாவற்றிலும் நுழையும். அதை முறிக்கிற மாற்று மருந்து வைத்தியத்தில் இல்லை. சட்டப்படி இந்தச் சரக்கு சர்க்காருக்கும், உரிமம் பெற்ற, நிபுணர் மேற்பார்வையில் வேலை செய்கிற பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்களுக்கும் மட்டுமே. நடைமுறை எப்படி என்பதை எலி மருந்து வாங்கப் போன எவரும் சொல்வார்.

பெயர் தெரிவது வீண் சம்பிரதாயமல்ல. மூச்சுத் திணறிய குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து?" சில பூச்சிக்கொல்லிகளுக்கு அட்ரோபின் ஊசி உண்டு. பாஸ்பீனுக்கு அது உதவாது. "ஏதோ வெள்ளையாக இருந்தது" என்று சொல்லி டாக்டரை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானங்கள் நமக்குப் பாடம். முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்களாம்! சொல்லாமல் கொல்வதைவிடச் சொல்லிப் பீதி அடையச் செய்வது மேல் என்கிறோம். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு அடிப்பது நடக்கிற காரியமா என்றும் கேட்கிறார்கள்.

நடந்திருக்கிறது. அதுவும் டாலர் தேசத்திலேயே நடந்திருக்கிறது. 1957-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், மரம் தின்னும் புழுவைக் கொல்கிறோம் என்று சர்க்கார் விமானங்கள் எண்ணெயில் கலந்த டி.டி.டி.யை வீடு, தோட்டம், மாடு, மனிதர் என்று பாராமல் கொட்டின. குடியிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். 1960-இல் சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுக்க மறுத்தது. ஆனால் விஷயம் அடங்கவில்லை. 2000-இல் நியூயார்க் மாநிலம் அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் சட்டத்தை இயற்றியது. புல்தரைக்குக் கூலிக்கு மருந்து அடிக்கிற கம்பெனி, 150 அடிக்குள் குடியிருப்பவர்களுக்கு 48 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேதி, மருந்தின் பெயர், கேட்க வேண்டிய டெலிபோன் நம்பர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மழை வந்தால் மாற்றுத் தேதிகூட!

அங்கேயும் சூழ்ச்சி இல்லாமலில்லை. சட்டத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தந்த கவுண்டியின் இஷ்டம் என்று வைத்தார்கள். லாங் ஐலண்டின் இரண்டு கவுண்டிகளும் ஏற்றன, ஏற்காதவையே அதிகம். விஸ்கான்சினில் கேசி என்ற சிற்றூர், மருந்து அடிக்க அனுமதி வாங்கு, அடித்த இடத்தில் போர்டு வை என்று 1985-இல் விதி போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1991-இல் ஊர்தான் ஜெயித்தது. கம்பெனிகள் சும்மா இருந்தனவா? மாநிலச் சட்டசபைகளைப் பிடித்தன. ஊராட்சிகள் இதில் தலையிடக் கூடாது என்று 40-க்கு மேற்பட்ட மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்துக்கும் ஒரு போர்டுக்கும் இத்தனை பெரிய முதலாளிகள் ஏன் பயப்படுகிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டு நிலை என்ன? 1958-இல் கேரளத்திலும் சென்னை மாகாணத்திலும் 100-க்கு மேற்பட்டவர்கள் உணவில் விஷம் கலந்து செத்தார்கள். உணவு மூட்டையையும் பாரத்தியான் விஷத்தையும் கப்பலில் ஒன்றாக ஏற்றியதுதான் காரணம். நீதிபதி ஷா கமிஷன் விசாரித்தது. பத்து வருஷம் கழித்து, 1968-இல், பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. உரிமம், லேபில், விற்பனை பற்றி அது பேசுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சொல்லிவிட்டு அடி என்ற கட்டளை அதில் இல்லை.

மருந்து அடிக்கும் தொழிலாளி மேல் நமக்குக் கோபமில்லை. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுதும் அதை முதலில் சுவாசிப்பவர் அவர்தான். கேனில் என்ன இருக்கிறது என்று பல சமயம் அவருக்கும் சொல்வதில்லை. நம் கோரிக்கை அவருக்கும் சேர்த்துத்தான்.

முனிசிபாலிட்டிகளும் மாநகராட்சிகளும் தீர்மானம் போடட்டும். மாநில சர்க்கார் விதி செய்யட்டும். வீடு, விடுதி, கடை, கிடங்கு எதில் அடித்தாலும், உள்ளே குடியிருப்பவருக்கும் ஒட்டியுள்ள வீட்டாருக்கும் இரண்டு நாள் முன்பே தமிழில் எழுதிய சீட்டுக் கொடுக்க வேண்டும். மருந்தின் பெயர், அடிக்கும் நேரம், திரும்பி வரக்கூடிய நேரம், கம்பெனியின் உரிம நம்பர் அதில் வேண்டும். எழுத்துத் தெரியாத வீட்டில் வாயாலும் சொல்ல வேண்டும். வெளியே இருக்க வேண்டிய இரவுக்கு இடம் கொடுப்பது சொந்தக்காரர் பொறுப்பு. முனிசிபாலிட்டி கொசுப் புகை விடும்போதும் தெருவுக்கு முதல் நாளே தண்டோராவோ ஒலிபெருக்கியோ வரட்டும்.

தீர்மானம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. லைன் வீட்டுக் குடித்தனக்காரர்கள் பத்துப் பேரும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்றாகப் போய்ச் சொந்தக்காரரிடம் கேளுங்கள். அடுத்த முறை கேனோடு ஆள் வந்தால், சீட்டைக் காட்டிய பிறகே வாசற்படி ஏற விடுங்கள்.