பாலியல் குற்றவாளி வீடு மாறினால் போலீஸுக்குச் சொல்ல வேண்டுமா? சட்டம் என்ன சொல்கிறது?

காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்பும் அம்மா, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறார். சாயங்காலம் டியூஷன். வேன் ஓட்டுபவர் மீது பழைய வழக்கு ஏதாவது இருக்கா? கோவில்பட்டியில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கா?

வெளிநாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவேட்டில் உள்ள பாலியல் குற்றவாளி முகவரி மாறினால் 3 நாள்களுக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2006-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி 3 வேலை நாள்கள். சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம்.

இங்கே?

நம்மிடமும் பதிவேடு இருக்கு. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. அப்போதே 4.4 லட்சம் பதிவுகள். பெயர், முகவரி, போட்டோ, கைரேகை எல்லாம் உண்டு. காவல்துறை போன்ற அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். நாம் பார்க்க முடியாது.

ஆனால், பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே முகவரி மாற்றத்தைச் சொல்ல வேண்டும் என்ற பொதுவான கடமை இங்கே இல்லை. போக்சோ சட்டத்திலும் இல்லை.

அப்போ ஒண்ணுமே இல்லையா?

ஒரு பிரிவு இருக்கு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 394-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 356. 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், மறுபடியும் அதே போன்ற குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், விடுதலைக்குப் பிறகு முகவரியையும் அதன் மாற்றத்தையும் தெரிவிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதிகபட்சம் 5 ஆண்டுகள்.

கவனியுங்கள்: 'உத்தரவிடலாம்', கட்டாயம் இல்லை. அதுவும் இரண்டாவது முறை தண்டனை பெற்றால்தான். ஒரு குழந்தையைச் சீரழித்து முதல்முறை தண்டனை பெற்றவருக்கு இது பொருந்தாது.

நம்ம பக்கம் ஏன் முக்கியம்?

கரிசல் காடு மானாவாரி. மழை பொய்த்தால் விளாத்திகுளத்திலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போவது சகஜம். தண்டனை முடிந்து வந்தவரும் அப்படிப் போகலாம். அது அவர் உரிமை. ஆனால், பதிவேட்டில் இருப்பது பழைய முகவரி என்றால், புது ஊர் போலீஸுக்கு எதுவும் தெரியாது.

அதற்காக அமெரிக்கா மாதிரி பட்டியலை ஊருக்கே காட்ட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர், பல நேரம் உறவினர். அவர் பெயரைப் போட்டால் குழந்தை யாரென்று தெருவுக்கே தெரிந்துவிடும். தேவை இதுதான்: குழந்தைகளுக்கு எதிரான கடும் குற்றங்களில் முதல் தண்டனையிலேயே, குறிப்பிட்ட காலத்துக்கு, போலீஸுக்கு மட்டும் முகவரி சொல்லும் கடமை. அதை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழியும் இருக்கணும்.

இப்போதே செய்யக்கூடியது

2020 போக்சோ விதிகளின்படி, பள்ளி, காப்பகம், விளையாட்டு அகாடமி எல்லாம் குழந்தைகளோடு பழகும் ஊழியர்களை, ஒப்பந்த ஊழியர்கள் உட்பட, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வேன் டிரைவருக்குக் கடைசியா எப்போ போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணீங்க?" சந்தேகம் இருந்தால் 1098-க்கு அழையுங்கள்.