இருபது டிகிரி நியாயம்

பீன்யாவிலோ அம்பத்தூரிலோ ராஜ்கோட்டிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாலு லேத்துகளோடு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனிக்கு அலுமினிய உதிரிபாகம் கடைந்து தருகிறார்கள். நீளம் 100 மி.மீ.; 10 மைக்ரான் கூடலாம், குறையலாம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பட்டறையில் மே மாத மதியத்தில் அளந்தபோது எல்லாம் சரி. கம்பெனியின் குளிரூட்டப்பட்ட ஆய்வு அறையில் அளந்தால் அத்தனையும் 17 மைக்ரான் குறைவு. சரக்கு திரும்பி வருகிறது. முதலாளி ஆபரேட்டரைத் திட்டுகிறார். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு அந்த வாரக் கூலியில் துண்டு விழுகிறது. இத்தனைக்கும் பொய் சொன்னவர் யாருமில்லை.

இந்தத் தகராறுக்கு நடுவில் சாட்சியாக ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே வரிசையாக, கண்ணாடி போல மினுக்கும் சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். பட்டறையில் ‘ஸ்லிப் கேஜ்’ என்பார்கள். நல்ல தமிழில் வேறு பெயர் வைக்கலாம்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எந்த டூல் ரூமிலும் பெட்டியை வாங்கிவிட முடியாது என்பதால் நானும் ஸ்லிப் கேஜ் என்றே எழுதுகிறேன். மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா, டயல் எங்கே பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கட்டைகள்தான்.

இவற்றைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1896-ல் ஜெர்மனியின் மௌசர் ஆலைக்குப் போனவர், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிக் கட்டை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் யோசித்தார். சில கட்டைகளையே அடுக்கி எல்லா அளவும் வரவழைத்தால் என்ன? அவருடைய 102 கட்டைகளில் 20,000 அளவுகள் கிடைத்தன. மனைவியின் தையல் மெஷினையே மாற்றியமைத்து வீட்டில் கட்டைகளைத் தேய்த்தார் என்பது பிரசித்தம். 1923-ல் ஃபோர்டு நிறுவனம் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது.

இன்று நம் பட்டறைகளில் 87 கட்டைப் பெட்டி பிரபலம். 41.125 வேண்டுமா? கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 1.005, பிறகு 1.12, பிறகு 9, கடைசியாக 30. நாலே கட்டை. எத்தனை குறைவோ அத்தனை நல்லது. ஒவ்வொரு கட்டையும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையைக் கொண்டுவரும்.

கட்டைகளைச் சும்மா அடுக்கினால் போதாது. துடைத்து, ஒன்றன் மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து, லேசாக அழுத்தித் திருப்பினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஆங்கிலத்தில் ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதற்கான சொல்லையே வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்தால் விபரீதம். ‘திருகி ஒட்டுதல்’ பரவாயில்லை. ஒட்டவைப்பது காற்றழுத்தம் மட்டுமல்ல, வெற்றிடத்திலும் ஒட்டியே நிற்கும். மேற்பரப்புகள் அவ்வளவு சமம் என்பதாலும், இடையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருப்பதாலும் மூலக்கூறுகளே ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. பிரிக்கும்போது நெம்பக் கூடாது, சறுக்கித்தான் எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டால் காலையில் பிரியவே மறுக்கலாம்.

சரி, அந்த 17 மைக்ரான் எங்கே போனது? கட்டையின் மேல் பொறித்த அளவு 20 டிகிரி செல்சியஸில் மட்டும்தான் உண்மை. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. 100 மி.மீ. எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 1.15 மைக்ரான் நீளும். முதல் தரக் கட்டைக்கு அந்த நீளத்தில் அனுமதிக்கப்படும் பிழையே 0.6 மைக்ரான்தான். அதாவது ஒரே ஒரு டிகிரி, காசு கொடுத்து வாங்கிய துல்லியத்தைப் போல இரண்டு மடங்கைத் தின்றுவிடும். விரல்களுக்கிடையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும்.

எஃகை எஃகால் அளந்தால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்வரை கவலையில்லை. சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும். அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு நீளும். 35 டிகிரிப் பட்டறையில் கட்டை 17 மைக்ரான் நீண்டிருக்கிறது. அதற்குச் சமமாகக் கடைந்த அலுமினியம் 20 டிகிரி அறைக்குப் போனதும் 34 மைக்ரான் சுருங்குகிறது. மிச்சம் 17. ஆபரேட்டரின் கூலியில் பிடித்தது இந்த 17-ஐத்தான்.

நான் பார்த்த சிறு பட்டறைகளில் இந்தப் பெட்டி முதலாளியின் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆடிட் அன்று வெளியே வரும். ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்காக வாங்கியது, கைபட்டால் கெட்டுவிடும் என்கிறார்கள். கைபட்டால் கெடும்தான். வியர்வையின் உப்பு துருவாகும். சிலருடைய விரல் ரேகை மறுநாளே துருவில் பதிந்து கிடக்கும். அதற்கு மருந்து பீரோ அல்ல. தொடும் முன் கை கழுவுவது, வெள்ளைப் பெட்ரோலும் மெல்லிய தோலும் கொண்டு துடைப்பது, வேலை முடிந்ததும் வாஸ்லின் தடவி அதனதன் குழியில் வைப்பது, இவ்வளவுதான். ஓரம் அடிபட்ட கட்டையை மட்டும் உடனே ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பிசிறு, தன்னோடு சேரும் கட்டைகளையெல்லாம் கீறிவிடும். எமெரித் தாளால் தேய்த்துச் சரிசெய்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களிடமிருந்து பெட்டியைக் காப்பாற்ற வேண்டியதுதான்.

கட்டையும் காலப்போக்கில் தேயும். அதைத் தரம் கூடிய இன்னொரு கட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டையை அதற்கும் மேலான ஒன்றோடு. இந்த வம்சாவளி புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்வரை போகிறது. காலிபரேஷன் முடிந்து வரும் சான்றிதழில் ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று தனித்தனியே போட்டிருக்கும். பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கரின் தேதியைப் பார்ப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்கள்தான் விஷயம்.

குளிரூட்டிய அறை கட்டப் பணமில்லாத பட்டறைக்கும் வழி இருக்கிறது. கடைந்த பாகத்தைச் சூடு ஆறவிட்டு, கட்டையோடு ஒரே இரும்பு மேஜையில் ஒரு மணி நேரமாவது போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டி, அது காட்டும் எண்ணையும் ஆய்வுத் தாளில் எழுதுங்கள். 35 காட்டினால், 100 மி.மீ. அலுமினிய பாகத்தைக் கட்டையைவிட 17 மைக்ரான் நீளமாகக் கடைய வேண்டும். அடுத்த முறை சரக்கு திரும்பி வந்தால், ஆபரேட்டரைக் கூப்பிடும் முன் கம்பெனிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: எங்கள் பாகம் உங்கள் அறைக்கு வந்து எத்தனை மணி நேரம் கழித்து அளந்தீர்கள்?