இருண்ட இசை கெட்ட இசையா?

இந்த இசையில் பாடல் வரிகள் இல்லை. கைதட்டத் தாளமும் இல்லை. முணுமுணுக்க மெட்டும் இல்லை. தாழ்ந்த ஒலியொன்று மெல்ல எழுந்து, நெடுநேரம் நீடித்து, மெல்ல அடங்குகிறது. இதனை ‘இருண்ட சூழலிசை’ எனலாம். இதை விரும்பிக் கேட்கும் இளையரைக் கண்டு, “இது மனத்தைக் கெடுத்துவிடாதா?” என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தில் அக்கறை இருக்கிறது. ஆயினும், கேட்டுப் பார்க்காமலேயே ஓர் இசையைத் தீயது என ஒதுக்குவது சரியன்று.

சூழலிசை என்பதற்குப் பெயர் சூட்டிப் பரப்பியவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. 1978இல் அவர் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’, விமான நிலையத்தில் காத்திருப்போரின் பதற்றத்தைத் தணிக்கும் நோக்கில் உருவானது. 1982இல் வந்த ‘ஆன் லேண்ட்’ தொகுப்பிலோ தவளை, பூச்சி ஆகியவற்றின் ஒலிகளைச் சேர்த்து, இருள் கவிந்த நிலப்பரப்பைக் காதுக்குக் காட்டினார். வேல்சில் பிறந்த லஸ்ட்மோர்ட், குகைகள், சுரங்கங்கள் முதலிய இடங்களில் பதிந்த ஒலிகளைக் கொண்டு ‘ஹெரசி’ என்னும் தொகுப்பை 1990இல் படைத்தார். பின்னாளில் ‘ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்’ என்னும் திரைப்படத்திற்கும் அவர் இசையமைத்தார்.

திரையில் வெறும் நடைவழி தெரிகிறது. ஆள் எவரும் இல்லை. ஆனால், பின்னணியில் ஒரு தாழ்ந்த ஒலி நீளும்போது நம் நெஞ்சு படபடக்கிறது. படமே இல்லாமல் அவ்வொலியைக் கேட்டால், அந்த நடைவழியை நம் கற்பனையே வரைகிறது. கேட்பவரையும் படைப்பாளர் ஆக்குவதே இவ்விசையின் சிறப்பு.

மகிழ்ச்சி தருவது மட்டுமே நல்ல கலை என்று நம் முன்னோர் கருதவில்லை. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் உவகையோடு அழுகையும் அச்சமும் இடம்பெறுகின்றன. அச்சத்தைக் கலையின்வழி பாதுகாப்பாக உணர்ந்து பார்ப்பது மனத்தைக் கெடுப்பதாகாது.

எனினும், எதற்கும் அளவு உண்டு. கேட்கக் கேட்கக் கலக்கம் மிகுந்தால் இசையை நிறுத்திவிட வேண்டும். துயரத்தில் இருப்பவருக்கு இசை துணையாகலாம். மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பதற்கு அது ஈடாகாது.

ஆகவே, பெற்றோர் “என்ன இரைச்சல் இது?” என்று கடிந்துகொள்வதைவிட, “இதைக் கேட்கும்போது உன் மனத்தில் என்ன தோன்றுகிறது?” என்று கேட்பதே மேல். முதல் கேள்வி அறைக் கதவை அடைக்கும். இரண்டாவது கேள்வி உரையாடலைத் தொடங்கிவைக்கும்.