அடுத்த ரயில் எப்போங்க?

சுவிட்சர்லாந்துல ஒயின் ஆலை பாக்கப் போன கதையைச் சொன்னதுமே திருவரங்குளத்துல சித்தப்பா ஒரே போடா போட்டார்: "அங்கல்லாம் எல்லாம் கரெக்டா நடக்கும்ப்பா. நமக்கு வராது."

கரெக்டாவா? அடைமழையில ஒதுங்கி நின்னதுல ரயில் போச்சு. மலைச்சரிவுல குடை பறந்துச்சு. தேடிப் போன ஆலைக்கதவுல பூட்டு!

ஆனாலும் நாள் வீணாகலை. வெவே ஊர்லேர்ந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவால ஏறுற குட்டி ரயில் மணிக்கு ஒண்ணு. அது போற லவோ சரிவு 2007-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. ஒண்ணை விட்டா அடுத்தது, அடுத்த ஊரு, வேற ஆலை. ரகசியம் இவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஒழுக்கம், புண்ணாக்கு எல்லாம் இல்லை.

நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ரயில்? கம்பத்துக்குக் கிடையாது. பக்கத்துல இருக்குற மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்க 2010 கடைசியில மூடினாங்க. ரயில் திரும்பி தேனிக்கு வர 2022, போடிக்கு வர 2023 ஆச்சு. இதுல எங்கூர்க்காரன் கம்பம் போகணும்னா புதுக்கோட்டை, மதுரை, தேனின்னு மாறி மாறித்தான் போகணும்.

மழையையும் பூட்டையும் எந்த நாட்டுலயும் தடுக்க முடியாது சித்தப்பா. அடுத்த ரயிலை விட முடியும். அதைக் கேக்காம "நமக்கு வராது"ன்னு சொல்றது அடக்கமில்லை, சோம்பேறித்தனம்.