நெல்லோடு காத்திருக்கும் டெல்டா.. 17% ஈரப்பத விதி யாருடையது? சிக்கல் எங்கே? எளிய விளக்கம்

குறுவை அறுவடை நேரத்தில் மழை. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் மூடிய நெல் குவியல். நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் இது புதுக் காட்சி இல்லை. மழையால் 22% ஈரப்பதம் வரை வாங்க அனுமதி கேட்ட தமிழக அரசின் கோரிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் 19% வரையும், 2023 பிப்ரவரியில் 20% வரையும் தளர்வு கிடைத்திருந்தது.

நெல்லை வாங்குவது யார்?

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். இது அரசுத் துறை அல்ல. 1972-ல் கம்பெனிகள் சட்டப்படி தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். 2025-26 சீசனில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் தருகிறது.

விதி போடுவது யார்?

மத்திய அரசு. ஈரப்பதம் 17%-க்குள், சேதமான, முளைத்த, நிறம் மாறிய நெல் 5%-க்குள் இருக்க வேண்டும். 2002 முதல் தமிழகத்தில் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறை இருக்கிறது. அதாவது மாநிலமே நெல்லை வாங்கி, அரைத்து, ரேஷனுக்குக் கொடுத்துவிட்டு மத்திய அரசிடம் மானியம் பெறும். விதியை மீறி வாங்கினால் அந்தப் பணத்துக்கே சிக்கல்.

அப்போ பிரச்சனை எங்கே?

விதி டெல்லியில், மழை டெல்டாவில். நடுவில் நிற்பது கொள்முதல் நிலைய ஊழியர். ஈர நெல்லை வாங்கினால், அது காய்ந்து எடை குறையும்போது அந்த இழப்பை தங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது ஊழியர்களின் நீண்டகால குறை. வாங்காவிட்டால் நெல் முளைத்துவிடும் என்பது விவசாயியின் பயம்.

மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார்கள் என்ற புகார் இந்த இடத்தில்தான் எழுகிறது. கணக்கு போட்டுப் பாருங்க. 40 கிலோ சன்ன ரக மூட்டையின் விலை 1,018 ரூபாய். மூட்டைக்கு 40 ரூபாய் போனால், 100 மூட்டைக்கு 4,000 ரூபாய் காலி.

கண்காணிப்பது யார்?

அரசு நிறுவனம் என்பதால் மத்திய தணிக்கைத் துறையின் தணிக்கை உண்டு. தகவல் உரிமைச் சட்டமும் பொருந்தும். லஞ்சப் புகார் வந்தால் லஞ்ச ஒழிப்புத்துறை சோதனை நடத்தும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் நெல் கைமாறிய பிறகு நடப்பவை. ஆன்லைன் பதிவும், வங்கிக் கணக்கில் நேரடிப் பணமும் இடைத்தரகர்களைக் குறைக்க வந்தவை. ஈரப்பதம் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தை அவை மாற்றவில்லை.

என்ன செய்யலாம்?

ஈரப்பதமானியின் அளவையும் தராசின் எடையையும் கண் முன்னே காட்டச் சொல்லிக் கேட்கலாம். ரசீதை வாங்காமல் நகரக் கூடாது. அரசு தரப்பில் தேவை, நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும் கூரையும். அது இல்லாதவரை, மழை பெய்யும் ஒவ்வொரு அக்டோபரிலும் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போய்க்கொண்டேதான் இருக்கும்.